‘அமைதி மூலை’ வேண்டாம், ‘தணிவிடம்’ சரிப்படுமா?

ஐயா, வணக்கம்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு வகுப்பறையை மாற்றியமைக்கும் கையேட்டுக்காக, சத்தமும் வெளிச்சமும் தாங்காத பிள்ளை கொஞ்ச நேரம் ஒதுங்கி உட்காரும் இடத்துக்கு நீங்கள் தந்த ‘அமைதி மூலை’ என்ற சொல்லை, திருமங்கலம் பக்கத்து எங்கள் பள்ளியில் ஒரு மாதம் புழங்கிப் பார்த்தோம். ஒரு பையன் அங்கே உட்கார்ந்திருந்தான். அழைத்துப்போக வந்த அவன் அப்பத்தா கேட்ட முதல் கேள்வி: “என்ன சேட்டை பண்ணுனான் டீச்சர்?” நம் பள்ளிக்கூடங்களில் மூலை என்றாலே முட்டி போடுவதுதானே.

அதற்குப் பதிலாக ‘புலன் அறை’ என்று வைக்கச் சொன்ன அக்காவுக்கு: புலன் சரி, அறைதான் இடிக்கிறது. எங்களிடம் தனி அறை ஏது? பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கோரைப்பாய், துணித் திரை, அவ்வளவுதான். அதைவிடப் பெரிய மாற்றம் விளக்கில் நடந்தது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், பழைய சோக் போட்ட டியூப்லைட் நொடிக்கு 100 தடவை மினுங்கும். நமக்குத் தெரியாத அந்த மினுக்கம் சில பிள்ளைகளுக்குத் தாங்காது. எல்இடியிலும் மட்டமானது மினுங்கும். செல்போன் கேமராவில் பட்டை பட்டையாகத் தெரிந்தால் வாங்காதீர்கள். நாற்காலிக் கால்களுக்குச் சைக்கிள் டியூப் மாட்டியதும் பாதிக் கிறீச்சொலி போயிற்று.

சொல்லுக்கு வருகிறேன். 1970களில் நெதர்லாந்தில் இப்படி இடம் அமைத்தவர்கள், மோப்பம் பிடிப்பது, கண்ணயர்வது என்ற இரண்டு வீட்டுச் சொற்களைக் கலந்து ‘ஸ்னூஸெலன்’ என்று பெயர் வைத்தார்கள். நம் வீட்டில் சூடு தணிகிறது, கோபம் தணிகிறது, தாகமும் தணிகிறது. ‘தணிப்பறை’ என்றால் யாராவது பறையைத் தேடுவார்கள். ‘ஆற்றிடம்’ என்றால் மதுரைக்காரருக்கு அழகர் இறங்கும் வைகைதான். ஆகவே ‘தணிவிடம்’.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. ஒலிக்குக் காதைப் பொத்துகிற பிள்ளையும் ஆட்டிசம்தான், ஊஞ்சலை விட்டு இறங்காத பிள்ளையும் ஆட்டிசம்தான். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட நோயறிதல் கையேடான டிஎஸ்எம்-5, ஆட்டிசத்தின் வரையறையில் புலன் உணர்வின் மிகை, குறை இரண்டையுமே சேர்த்திருக்கிறது. ஊஞ்சல் கேட்கிறவனுக்குத் தணிவு எதற்கு? அதனால் ஒதுங்கி இருக்கும் இடத்துக்கு மட்டும் ‘தணிவிடம்’ என்றும், விளக்கு, ஒலி, ஊஞ்சல் என்று இடத்தைப் பிள்ளைக்கேற்ப மாற்றும் மொத்த வேலைக்கு ‘புலனிணக்கம்’ என்றும் வைக்கலாமா? இரண்டாவது கொஞ்சம் புத்தக வாடை அடிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். கையேட்டுக்குப் போதும், அப்பத்தாவிடம் அதைச் சொல்லப் போவதில்லை.

பலகை எழுத பெயின்டர் சனிக்கிழமை வருகிறார். மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள்.