புதுப்பிப்பு: மூலையில் 3 ஏன் 8 ஆனது

மூன்று பேனல் புரொஜெக்டரில் (சிவப்பு, பச்சை, நீலப் படங்களைத் தனித்தனிப் பேனல்களில் உருவாக்கித் திரையில் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்க்கும் கருவி) அட்டவணை படிக்கும்போது, திரையின் வலது மேல் மூலையில் மட்டும் 3-ஐ 8 என்று அடிக்கடி தவறாகப் படிப்பதாக முன்பு எழுதியிருந்தேன். கண்ணாடியின் பவர் மாறியிருக்கும் என்ற என் ஊகம் பிழையானது.

கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கட்டக் கோடுகளை இட்டுப் பார்த்தபோது, நடுவில் ஒன்றாக இருந்த கோடு அந்த மூலையை நெருங்க நெருங்கப் பிரிந்து, வலப்புறம் சிவப்பும் இடப்புறம் பச்சை கலந்த நீலமுமாக விளிம்பு கட்டியது. அதாவது, அங்கே சிவப்புப் படம் மற்ற இரண்டோடு பொருந்தாமல் விலகியிருக்கிறது; விலகிய சிவப்பு ஒளி எண்ணின் உள் இடைவெளிகளில் கசிந்து, 3-ஐயும் 8-ஐயும் பிரித்தறிவதைக் கடினமாக்குகிறது. அதே எண்களைப் பச்சையில் மட்டும் காட்டினால், மூலையிலும் கூர்மையாகத் தெரிந்தன. ஆகவே ஃபோகஸும் (என் கண்ணும்) குற்றமற்றவை.

எல்லா நிறங்களின் விலகலும் ஒரே அளவு படிப்பைக் கெடுப்பதில்லை. எச்டி (உயர் தெளிவு) காணொளிக்கான நிறத் தரநிலையில் வெள்ளையின் ஒளிர்வில் பச்சையின் பங்கு ஏறத்தாழ 72%, சிவப்பு 21%, நீலம் 7% மட்டுமே என்பதால், நீலம் சற்று நகர்ந்தாலும் எழுத்தின் வடிவம் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. எழுத்தின் அளவோடு ஒப்பிட்டால் விலகல் மிகச் சிறியது என்பதால், பெரிய தலைப்புகளில் எனக்குத் தடுமாற்றம் இருந்ததே இல்லை.

கருவி நன்றாகச் சூடேறிய பின், மெனுவில் அந்த மூலையின் சிவப்பை மட்டும் நகர்த்தினேன். ஒரு பிக்சலுக்கும் (படப்புள்ளிக்கும்) குறைவான நகர்வு, பேனலை அசைக்காமல் படத்தை மாற்றிக் கணக்கிட்டே செய்யப்படுவதால் கோடுகள் சற்றே மென்மையாகிவிட்டன; ஆனாலும் 3 இப்போது 3 ஆகவே தெரிகிறது.