ஏற்காட்டில் நினைவுத் தோப்பு: மரத்தடியில் புதைக்கலாமா?

தோட்டத்துக்காரன்:
ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்டத்தில் ஒரு ஏக்கரை நினைவுத் தோப்பாக மாற்றலாம் என்று இருக்கிறோம். ஒருவருக்கு ஒரு குழி, மேலே ஒரு மரக்கன்று. சிமெண்ட், கிரானைட் எதுவும் வேண்டாம். இங்கிலாந்தில் கார்லைல் நகரில் 1993-லேயே இப்படி ஓர் இடம் வந்துவிட்டது. போய்ச் சேர்ந்தவரைப் பார்க்கப் போகிற இடம் நிழலாக இருக்க வேண்டாமா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

அடிவாரத்தான்:
நிழல் சரி அண்ணா, தண்ணீர்? திருமணிமுத்தாறும் சரபங்காவும் இந்த மலையில்தான் பிறக்கின்றன. சரிவில் பல இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே பாறை. மேலே பெய்கிற மழை அந்தப் பாறையோடு இறங்கிக் கீழே ஊற்றாக வருகிறது. ஊராட்சி விதிப்படி புது இடுகாடு வீட்டுக்கும் குடிநீர் ஆதாரத்துக்கும் 90 மீட்டருக்குள் வரக் கூடாது, உரிமமும் வேண்டும். பட்டா நம் பேரில் இருப்பதால் மட்டும் புதைத்துவிட முடியாது.

தோட்டத்துக்காரன்:
சரி, உடல் வேண்டாம். அஸ்தி வைக்கலாமே? ஜெர்மனியில் காசெல் பக்கத்து ரைன்ஹார்ட்ஸ்வால்ட் காட்டில் 2001 முதல் வளர்ந்த மரங்களின் அடியில் அஸ்திக் கலசம் வைக்கிறார்கள். கலசமும் மண்ணோடு மக்கிவிடும்.

கூடுதுறை:
தம்பி, அஸ்தியைப் பவானி கூடுதுறையில் கரைத்தால்தான் எங்கள் வீட்டில் மனசு ஆறும். ஓடுகிற தண்ணீரில் விட்டால் உயிர் விடுபட்டது என்று அர்த்தம். அதை மலையில் கட்டி வைப்பானேன்?

கன்றுப்பண்ணை:
ஐயா, விருப்பப்பட்டவர்கள் பாதி அங்கே கரைத்துப் பாதி இங்கே வைக்கட்டும். என் கவலை வேறு. அஸ்தியைக் குழியில் கொட்டி மேலே கன்று நட்டால் கன்று கருகிவிடும். அதில் உப்பும் காரத்தன்மையும் அதிகம். குவியலாக விட்டால் ஈரத்தில் இறுகிவிடும், வேர் உள்ளே இறங்காது. அப்பா நினைவாக வைத்த கன்று பட்டுப்போனால் அந்தக் குடும்பம் இரண்டாவது தடவை அழும். ஆகவே ஆளுக்கொரு மரம் என்பதை விடுங்கள். ஏற்கெனவே நிற்கிற நாவலையும் பலாவையும் காப்பாற்றுங்கள். அஸ்தியை நிறைய மண்ணோடும் தொழுவுரத்தோடும் கலந்து, அடிமரத்தை விட்டுத் தள்ளி, கிளை விரிந்து முடிகிற ஓரத்தில் மேலாகப் பரப்புங்கள். கடப்பாரை வேண்டாம், கைக்களைக்கொத்து போதும். ஏற்காட்டு மண் அமிலத்தன்மை உள்ளது, காப்பிக்குச் சுண்ணாம்பு போடுகிறோமே! கொஞ்சமாகப் போட்டால் தாங்கிக்கொள்ளும். சில்வர் ஓக் அடியில் மட்டும் வைக்காதீர்கள். அது மிளகுக்கொடிக்காகவும் பலகைக்காகவும் நட்டது, நல்ல விலை வந்தால் வெட்டிவிடுவார்கள்.

அடிவாரத்தான்:
அக்கா சொல்வது நியாயம். தண்ணீர்ப் பயம் எனக்குப் பெரும்பாலும் தீர்ந்தது. ஆனால் பெயர்? அஸ்தி கலந்தே போய்விட்டால் எங்கே நின்று கும்பிடுவது? தருமபுரிப் பக்கம் செத்த வீரனுக்கு நட்ட நடுகல்லை வேடியப்பன் என்கிற சாமியாக இன்றைக்கும் கும்பிடுகிறார்கள். கல் நின்றதால்தானே அந்த வீரன் நின்றான்? மரத்தில் ஆணி அடித்துப் பலகை மாட்டுவதையும் ஏற்க மாட்டேன்.

தோட்டத்துக்காரன்:
நுழைகிற இடத்தில் ஒரே ஒரு கல் நடுகிறோம். எல்லாப் பெயரும் அதில் வரும்.

அடிவாரத்தான்:
உங்கள் பேரன் தோட்டத்தை விற்றால் அந்தக் கல்லும் ரிசார்ட் வாசலில் கிடக்கும். நிலத்தை முதலில் ஒரு அறக்கட்டளைக்கு எழுதிப் பதிவு செய்யுங்கள் அண்ணா. மரத்தை வெட்டக் கூடாது என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருக்கட்டும். அது வரும்வரை என் ஓட்டு எதிர்ப்புக்குத்தான்.