பதினேழு வயதில் கொலை வழக்கு: பெரியவனாக விசாரிக்கலாமா?

மேலமாசிக்காரன்:
டெல்லியில் 2012 டிசம்பரில் ஓடும் பேருந்தில் நடந்த கொடுமை யாருக்கும் மறந்திருக்காது. நான்கு பேருக்குத் தூக்கு. பதினெட்டு ஆகச் சில மாதங்களே பாக்கி இருந்த ஒருவனுக்கு மட்டும் மூன்று வருடம், சிறுவர்களைத் திருத்துவதற்கான சிறப்பு இல்லம். 2015 டிசம்பரில் வெளியே வந்துவிட்டான். கொலை வழக்கில் சிக்கும் பதினாறு, பதினேழு வயதுக்காரர்களைப் பெரியவர்களாகவே விசாரித்தால் என்ன குறைந்துவிடும்? அரிவாளைத் தூக்கத் தெரிந்தவனுக்கு அது வெட்டும் என்று தெரியாதா?

கறுப்புக்கோட்டு:
அண்ணே, நீங்கள் கேட்பதில் பாதி ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. அவன் வெளியே வந்த இரண்டாம் நாள் மாநிலங்களவை அவசரமாக நிறைவேற்றியதுதான் இப்போதைய இளைஞர் நீதிச் சட்டம். குறைந்தபட்சத் தண்டனையே ஏழு வருடம் என்கிற அளவுக்குப் பெரிய குற்றமாக இருந்து, பையனுக்குப் பதினாறும் முடிந்திருந்தால், இளைஞர் நீதிக் குழுமம் 15ஆவது பிரிவின்படி அவனை மதிப்பிடும். செய்யும் வலு உடம்பிலும் மனதிலும் இருந்ததா, விளைவு புரிந்ததா, எந்தச் சூழலில் நடந்தது என்று பார்த்துவிட்டுத்தான், பெரியவனைப் போல விசாரிக்கச் சிறார் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். அங்கே தண்டனை கிடைத்தாலும் 21 வயது வரை சிறைக்கு அனுப்ப முடியாது. தூக்கு கிடையவே கிடையாது.

எனக்கு உறுத்துவது வேறு. "விளைவு புரிந்துதான் செய்தாயா" என்று பையனிடம் கேட்கிறோம். அவன்தான் செய்தானா என்பதே அப்போது நிரூபணம் ஆகியிருக்காது. குருகிராமில் 2017இல் ஏழு வயதுச் சிறுவன் பள்ளிக்கூடத்தில் கழுத்தறுபட்டுக் கிடந்தான். போலீஸ் பேருந்து நடத்துநரைப் பிடித்து, ஒப்புக்கொண்டுவிட்டார் என்று சொன்னது. நாமும் நம்பினோம். சிபிஐ வந்து அவர் இல்லை என்றது, அதே பள்ளியின் 11ஆம் வகுப்பு மாணவனைப் பிடித்தது. அவனைப் பெரியவனாக விசாரிக்கலாமா என்ற ஒரே கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போய், 2022இல் "மதிப்பீட்டை மறுபடி ஒழுங்காகச் செய்யுங்கள்" என்று திரும்பி வந்தது. அப்போது ஐந்து வருடம் ஆகியும் எந்த நீதிமன்றம் என்பதே முடிவாகியிருக்கவில்லை.

மேலமாசிக்காரன்:
வக்கீல் சார், அப்பாவியைப் பிடிப்பது பெரியவர்கள் வழக்கிலும் நடக்கிறது. நடத்துநருக்கு என்ன பதினேழு வயதா? அதற்காகக் கொலை விசாரணையையே வேண்டாம் என்போமா?

பம்பரம்:
300 வார்த்தையில் கட்டுரை எழுதச் சொல்லி ஜாமீன் கொடுத்தார்களே, அந்த புனே பையனை யாரும் பேசக் காணோம்?

கறுப்புக்கோட்டு:
பம்பரம், அது 2024 மே மாதம் கார் மோதி இரண்டு பேர் இறந்தது. கொலை வழக்கு இல்லை. அதில் போட்ட பிரிவுக்குக் குறைந்தபட்சத் தண்டனை கிடையாது. அப்படிப்பட்ட குற்றம் 15ஆவது பிரிவுக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 2020இலேயே சொல்லிவிட்டது. பெரியவனாக விசாரிக்கக் கேட்ட மனுவைக் குழுமம் 2025இல் தள்ளுபடி செய்தது. கட்டுரை விஷயத்தில் எனக்கும் கோபம்தான்.

பழைய வாத்தியார்:
ஒரு ஓரமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். நான் ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவன். பிறப்புச் சான்று இல்லாத பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். தலைக்கு மேல் கையைக் கொண்டுபோய் மறுபக்கக் காதைத் தொடச் சொல்வோம். தொட்டால் ஐந்து வயது. ஜூனில் ஏதாவது ஒரு தேதியைப் போட்டுச் சேர்த்துக்கொள்வோம். என் பதிவேட்டில் பாதி ஊர் ஜூனில் பிறந்ததுதான். இப்போது வயதை நிரூபிக்கச் சட்டம் முதலில் கேட்பது பள்ளிச் சான்றிதழை. என் பேனா ஒரு வருடம் தள்ளிப் போயிருந்தால், ஒருவன் சிறப்பு இல்லத்துக்குப் போவான், இன்னொருவன் ஜெயிலுக்குப் போவான். பதினெட்டில் கோடு போட்டாலும் சரி, பதினாறில் போட்டாலும் சரி, எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

மேலமாசிக்காரன்:
ஐயா சொல்வது நியாயம். அதனால்தான் வயதுக் கோட்டை ஒதுக்கிவைத்துவிட்டு ஆளைப் பாருங்கள் என்கிறேன். இன்னொன்றையும் கேளுங்கள். கூலிப்படைக்காரர்கள் பதினேழரை வயதுப் பையனாகத் தேடிப் பிடிக்கிறார்கள். "உனக்கு மூணு வருஷம்தான்டா" என்று சொல்லியே அனுப்புகிறார்கள். சட்டம் காட்டும் இரக்கத்தை ரவுடி தள்ளுபடி விலையாக எடுத்துக்கொள்கிறான். அப்புறம், திருத்துகிறோம் என்கிறீர்களே, எங்கே வைத்து? திருட்டு வழக்கில், வழக்கில் சிக்கும் சிறுவர்களை வைத்திருக்கும் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் சேர்த்த 17 வயதுப் பையன் 2022 கடைசி நாளில் அடிபட்டுச் செத்தான். கைதானவர்கள் அங்கே வேலை பார்த்தவர்கள். இதுதான் நீங்கள் சொல்லும் மாற்று வழியா?

கறுப்புக்கோட்டு:
செங்கல்பட்டுக்கு என்னிடம் பதில் இல்லை. இல்லமே அப்படி என்றால் ஜெயில் எப்படி இருக்கும் என்று வேண்டுமானால் கேட்கலாம், ஆனால் அது பதில் ஆகாது.

கூலிப்படை விஷயத்துக்குப் பதில் சட்டத்திலேயே இருக்கிறது. பிள்ளைகளைச் சட்டவிரோத வேலைக்குப் பயன்படுத்தும் பெரியவனுக்கு 83ஆவது பிரிவில் ஏழு வருடம் வரை கடுங்காவல், ஐந்து லட்சம் அபராதம். அனுப்பினவனை விட்டுவிட்டு, வந்தவனின் வயதை ஏன் அளந்துகொண்டிருக்கிறோம்?

மேலமாசிக்காரன்:
சரி. நீங்கள் பார்த்த வழக்குகளில் அந்த 83ஐ எத்தனை தடவை போட்டிருக்கிறார்கள்?

கறுப்புக்கோட்டு:
என் கைக்கு வந்ததில் ஒன்றுகூட இல்லை.