புதுப்பிப்பு: பொடுதலை பிடித்துவிட்டது

லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) பின்னால் உள்ள மண்மேடு மழைக்குக் கரைகிறது, அதில் பொடுதலைக் கொடி வைத்தேன், பாதி அழுகிவிட்டது என்று ஆவணியில் எழுதியிருந்தேன் அல்லவா, இப்போது நிலைமை வேறு.

தண்டைச் செங்குத்தாகக் குத்தியதுதான் பிழை. இது கணுவுக்குக் கணு வேர் விடும் கொடி. அப்புறம் மூன்று நான்கு கணு உள்ள துண்டுகளைப் படுக்கவைத்து, கணுவின் மேல் மட்டும் ஒரு பிடி மண் போட்டு அழுத்தினேன், பிடித்துக்கொண்டது. ஐப்பசி, கார்த்திகையில் இங்கே இலங்கை மலையகத்துப் பதுளையில் மழை எப்படிக் கொட்டும் என்று தெரியும்தானே, கொடி மூடிய இடத்தில் மண் அசையவே இல்லை, மூடாத ஓரம் மட்டும் கரைந்து வடிகால் கானுக்குள் போய்விட்டது.

இப்போது பூத்திருக்கிறது. குனிந்து கிட்டே பார்க்க வேண்டும்: நடுவில் கருஞ்சிவப்புக் குமிழ், அதைச் சுற்றி வளையம் கட்டியதுபோல வெளிர் ஊதா கலந்த குட்டிக்குட்டி வெள்ளைப் பூக்கள். காலையிலேயே தேனீ வந்துவிடுகிறது. கொய்யா நிழலில் உள்ளது வெறும் இலையாகவே நிற்கிறது, வெயில் கட்டாயம் வேண்டும்.

அம்மாயி இலையை இடித்துச் சாறெடுத்து, தேங்காயெண்ணெயில் ஊற்றிச் சடசடப்பு அடங்கும்வரை காய்ச்சி, பொடுகுக்குத் தேய்க்கிறார். மருந்தடிக்கும் தேயிலை மலையோரம் மட்டும் பறிக்காதீர்கள். துண்டு வேண்டியவர்கள் சொல்லுங்கள், நிறைய இருக்கிறது.