புது எலக்ட்ரிக் காரில் பின் கதவு வெளியே தள்ளி நிற்கிறது. "இவி-ல இப்படித்தான்" என்கிறார்கள், உண்மையா?

பர்கூர் டீச்சர்:

வணக்கம். பர்கூரில் இருந்து எழுதுகிறேன், அரசுப் பள்ளியில் வேலை. தினமும் கிருஷ்ணகிரி போய் வரவும், மாமியாரைத் தருமபுரியில் டாக்டரிடம் காட்டவும் சௌகரியமாக இருக்கும் என்று சமீபத்தில் எலக்ட்ரிக் கார் எடுத்தோம். கம்பெனி பெயரும் ஷோரூம் பெயரும் இங்கே வேண்டாம். எனக்கு வழி தெரிந்தால் போதும்.

ஓட்டுவதில் ஒரு குறையும் இல்லை. குறை பாடியில்தான். இடது பக்கப் பின் கதவின் முன் ஓரம், முன் கதவை விட வெளியே தள்ளி நிற்கிறது. முன் கதவில் விரலை வைத்துப் பின்னால் இழுத்துக்கொண்டே போனால், சந்து தாண்டும் இடத்தில் நகம் இடிக்கிறது. வலது பக்கம் அப்படியே வழுக்கிக்கொண்டு போகிறது. டிக்கி கதவிலும் ஒரு பக்கம் சந்து குறுகல், இன்னொரு பக்கம் அகலம். டெலிவரி அன்றே காட்டினேன். "முதல் சர்வீஸ்ல பாத்துக்கலாம் மேடம்" என்றார்கள்.

நாலுவழிச் சாலையில் 80-ஐத் தாண்டினால் அந்தக் கதவுப் பக்கம் விசில் சத்தம். இன்ஜின் சத்தமே இல்லாத வண்டி என்பதால் காதில் விழுவது அது ஒன்றுதான். பின் சீட்டில் வரும் மாமியார், "கண்ணாடி சரியா ஏத்தலையாம்மா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறார்.

சர்வீஸுக்கு விட்டேன். லாக் பக்கம் எதையோ நகர்த்திக் கொடுத்தார்கள். இப்போது ஓங்கி அடித்தால்தான் கதவு மூடுகிறது, முன் ஓரமோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. திரும்பக் கேட்டால், "இவி-ல இவ்வளவு இருக்கும், டாலரன்ஸுக்குள்ளதான் இருக்கு" என்கிறார் அட்வைசர். டாலரன்ஸ் என்றால் அனுமதிக்கப்பட்ட வித்தியாசம்தானே, அது எத்தனை மில்லி என்று கேட்டேன், பதில் இல்லை.

இது சரி செய்யக்கூடியதா? வெளியே டிங்கரிங் ஆளிடம் விடலாமா? யார்டில் அடிபட்ட வண்டியைச் சரி செய்து நம் தலையில் கட்டிவிட்டார்களோ என்று வீட்டுக்காரருக்குச் சந்தேகம். அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

தொப்பூர் மேடு:

மேடம், வெளியே விடாதீர்கள். வாரன்டி இருக்கும்போது வெளி ஆள் கை வைத்தால், நாளைக்குத் தண்ணீர் இறங்கினாலும் "நீங்க கழட்டினதுதான் காரணம்" என்று அவர்களுக்கு ஒரு சாக்கு கிடைத்துவிடும். அப்புறம், சந்தை அளப்பதாக இருந்தால் காலையில், நிழலில், சமதளத்தில் வைத்து அளங்கள். நம்ம ஊர் வெயிலில் நாள் முழுக்க நின்ற வண்டியில் பம்பர் பிளாஸ்டிக் விரிந்து, அளவு வேறு காட்டும்.

ரிட்டயர்டு டிங்கர், ராயக்கோட்டை ரோடு:

டீச்சரம்மா, நகம் இடிக்கிறது என்று எழுதினீர்களே, பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிட்டது.

ஓடும் வண்டியில் காற்று முன்னாலிருந்து பின்னால் போகிறது. அதனால் முன் கதவின் பின் ஓரம் அரை மில்லி வெளியே இருந்தாலும் பரவாயில்லை, பின் கதவின் முன் ஓரம் வெளியே நிற்கக் கூடாது. நின்றால் காற்று நேராக அந்த விளிம்பில் மோதும், விசில் அடிக்கும். சந்தேகம் இருந்தால் அந்தச் சந்தின் மேல், மேலிருந்து கீழ் வரை மாஸ்கிங் டேப் ஒட்டி ஒரு தடவை ஹைவேயில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் காரணம் அதுவேதான். டேப்பை வெயிலில் காய விடாமல் அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

கதவைப் பிடித்திருப்பது இரண்டே இடம். முன் ஓரத்தில் கீல், பின் ஓரத்தில் லாக். பின் கதவின் கீல் நடு பில்லரில் இருக்கிறது. லாக் கொக்கி மாட்டுகிற இரும்பு வளையத்தை ஸ்ட்ரைக்கர் என்போம், அது பின்பக்கம் இருக்கிறது. ஸ்ட்ரைக்கரை உள்ளே தள்ளினால் கதவின் பின் ஓரம் உள்ளே போகுமே தவிர முன் ஓரம் அசையாது. உங்களுக்கு நடந்தது அதுதான். கீலில் செய்ய வேண்டிய வேலையை லாக்கில் செய்திருக்கிறார்கள். பின்பக்கம், கதவைச் சுற்றி ஓடும் பீடிங் ரப்பர் அளவுக்கு மீறி நசுங்குவதால்தான் ஓங்கி அடிக்க வேண்டியிருக்கிறது. இப்படியே விட்டால் ரப்பர் சீக்கிரம் செத்துவிடும்.

இன்னொன்றையும் பாருங்கள். கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டே அதன் பின் ஓரத்தைக் கவனியுங்கள். லாக் பிடிக்கிற நொடியில் கதவு கொஞ்சம் எம்பினால், தொங்குகிற கதவை ஸ்ட்ரைக்கர் தூக்கிப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். வேலை தெரிந்தவன் முதலில் ஸ்ட்ரைக்கரைக் கழற்றி வைத்துவிட்டு, கதவு தானாக எங்கே உட்காருகிறது என்று பார்ப்பான். கீலைச் சரி பண்ணி, கடைசியில்தான் ஸ்ட்ரைக்கரை மாட்டுவான்.

வரிசையும் முக்கியம். பின் சக்கரத்துக்கு மேலே இருக்கும் குவாட்டர் பேனல் பாடியோடு வெல்டிங் ஆனது, நகராது. அதற்குப் பின் கதவைப் பொருத்த வேண்டும், பின் கதவுக்கு முன் கதவை, முன் கதவுக்கு முன் சக்கரத்தின் மேலே இருக்கும் ஃபெண்டரை, அப்புறம்தான் பானட். நிலை கோணலாக இருக்கும்போது கதவைச் சீவி என்ன பிரயோஜனம்? கீலுக்கு நடுவில் மரக்கட்டையைக் கொடுத்துக் கதவை அமுக்குகிற பழைய வித்தை ஒன்று உண்டு. அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள், கீல் ஓரத்தில் பெயிண்ட் வெடிக்கும்.

"இவி-ல இப்படித்தான்" என்பதை நான் ஏற்க மாட்டேன். பேட்டரிக்கும் கதவுக் கீலுக்கும் என்ன சம்பந்தம்? டெஸ்லா மாடல் 3 வந்த புதிதில் இதே பேனல் சந்துக்காக உலகம் முழுக்கப் பேச்சு வாங்கியது. அது கோர்த்த விதத்தில் இருந்த குறை, மோட்டாரில் இல்லை. இவி என்பதற்காகப் பயப்பட வேண்டிய விஷயம் வேறு. ஆரஞ்சு கலர் ஹை வோல்டேஜ் ஒயர் போகிற பக்கம் தெரியாத ஆள் டிரில்லோ வெல்டிங்கோ வைக்கக் கூடாது. அடியில் முழுக்கப் பேட்டரி, அதனால் ஜாக்கியைக் கம்பெனி குறித்த இடத்தில்தான் கொடுக்க வேண்டும். முன் பம்பரைக் கழற்றினால் ரேடார், கேமரா இருக்கிற வண்டியில் திரும்ப அளவு சரிபார்க்க வேண்டும். அதனால்தான் நானே வெளி ஆளாக இருந்தும் சொல்கிறேன், கம்பெனியிலேயே செய்ய வையுங்கள்.

அடிபட்ட வண்டியா என்பதற்கு: பழைய கார் வாங்கி விற்பவர்களிடம் பெயிண்ட் மீட்டர் இருக்கும். கம்பெனி பெயிண்ட் பொதுவாக 80 முதல் 150 மைக்ரானுக்குள் வரும். பட்டி பார்த்திருந்தால் அந்த இடத்தில் மட்டும் பல மடங்கு ஏறும். இடது பக்கக் கதவு, குவாட்டர் பேனல், நடு பில்லர் மூன்றையும் வலது பக்கத்தோடு ஒப்பிடுங்கள். கண்ணாடிகளின் மூலையில் உள்ள தயாரிப்புக் குறியில் ஒன்று மட்டும் வேறு வருஷமா என்றும் பாருங்கள். கீல் போல்ட்டில் பெயிண்ட் உதிர்ந்திருப்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள், ஃபேக்டரியிலேயே ஸ்பேனர் வைத்து நகர்த்தியிருப்பார்கள்.

பர்கூர் டீச்சர்:

ஐயா, ரொம்ப நன்றி. மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டோம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி 110, 120 என்றுதான் காட்டியது. கண்ணாடிகளும் ஒரே வருஷம். வீட்டில் மனசு அமைதியானது. டேப் ஒட்டியதும் விசில் நின்றுவிட்டது, மாமியாரே சொன்னார்.

ஒரு யோசனை, மற்றவர்களுக்கும் உதவும். அளக்க எங்களிடம் கேஜ் இல்லை. எழுத்து புடைக்காத பழைய ஏடிஎம் கார்டுகளை அடுக்கி அளந்தேன், ஒரு கார்டு 0.76 மி.மீ. கனம். வலது பக்கச் சந்தில் ஐந்து கார்டு நுழைகிறது. இடது பக்கம் மேலே ஐந்து, கீழே ஆறு. பக்கத்தில் பிடித்துப் போட்டோவும் எடுத்துவிட்டேன். இதை எப்படி அவர்களிடம் எழுதிக் கேட்பது?

கோர்ட் ரோடு குமாஸ்தா:

மேடம், வாயால் சொன்னது எதுவும் நிற்காது. ஜாப் கார்டில், அதாவது சர்வீஸுக்கு விடும்போது வேலையை எழுதும் தாளில், உங்கள் வார்த்தையில் எழுத வையுங்கள்: "இடது பின் கதவின் முன் ஓரம் வெளியே நிற்கிறது, 80 கி.மீ. வேகத்துக்கு மேல் காற்றுச் சத்தம், கதவு மூடக் கடினம்." "கஸ்டமர் கன்சர்ன்: டோர் நாய்ஸ்" என்று சுருக்கி எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். டாலரன்ஸுக்குள் இருக்கிறது என்றால், அந்த மாடலுக்குக் கம்பெனி கொடுத்த அளவு எவ்வளவு, உங்கள் வண்டியில் அளந்தது எவ்வளவு, இரண்டையும் எழுதித் தரச் சொல்லி மெயில் போடுங்கள். ஷோரூமுக்கு மட்டும் இல்லாமல் தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் சேர்த்து அனுப்புங்கள். பெரும்பாலும் இந்த இடத்திலேயே வேலை நடந்துவிடும்.

நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வண்டி பெங்களூரில் வாங்கியிருந்தாலும் சரி. பிரச்சினை தெரிந்ததிலிருந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும். கொடுத்த விலை 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை என்றால் கட்டணம் 400 ரூபாய். ஆனால் ஒரு கதவுச் சந்துக்காக வண்டியையே மாற்றிக் கேட்பதை நான் சொல்ல மாட்டேன். சரி செய்து கொடு, செலவைக் கொடு என்று கேட்டால் கேஸ் நிற்கும்.

பர்கூர் டீச்சர்:

மெயில் போட்ட பிறகு கம்பெனி ஆள் நேரில் வந்தார். ஐயா சொன்ன மாதிரியே ஸ்ட்ரைக்கரைக் கழற்றிவிட்டு, கீல் போல்ட்டைத் தளர்த்தி, கதவை ஒருவர் தாங்கிப் பிடிக்க இன்னொருவர் இறுக்கினார். இப்போது நகம் இடிக்கவில்லை, ஒரு விரலால் தள்ளினால் கதவு மூடுகிறது. சூளகிரி வரை ஓட்டிப் பார்த்தோம், விசில் இல்லை. ஜாப் கார்டில் முன் அளவு, பின் அளவு இரண்டும் எழுதித் தந்தார்கள்.

டிக்கி மட்டும் பாக்கி. டிக்கி கதவு வந்து உட்காரும் ரப்பர் புஷ்ஷைத் திருகிப் பார்த்தும் இரண்டு பக்கத்துக்கும் ஒரு கார்டு கனம் வித்தியாசம் இருக்கிறது. கீலைக் கழற்ற வேண்டுமானால் மேல் கூரைத் துணியை இறக்க வேண்டுமாம். வற்புறுத்தட்டுமா?

ரிட்டயர்டு டிங்கர், ராயக்கோட்டை ரோடு:

சந்தோஷம் அம்மா. டிக்கிக்கு முதலில் இதைச் செய்யுங்கள். நோட்டுப் பேப்பரைப் பட்டையாகக் கிழித்து, பீடிங் மேல் வைத்து டிக்கியைச் சாத்தி, வெளியே இழுங்கள். சுற்றிலும் ஒவ்வொரு சாணுக்கும் ஒரு தடவை. எல்லா இடத்திலும் பிடித்து இழுத்தால் சரி, எங்காவது லொடலொடவென்று வந்தால் அங்கே ரப்பர் உட்காரவில்லை. அப்புறம் ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார, இன்னொருவர் தண்ணீரை வேகமில்லாமல், கீழிருந்து மேலாக விடுங்கள். மேலே ஊற்றினால் எங்கே ஒழுகுகிறது என்று தெரியாமல் போகும்.

இரண்டிலும் தேறிவிட்டால் அந்த முக்கால் மில்லிக்காகக் கூரைத் துணியை இறக்க வேண்டாம். அதைத் திரும்ப மாட்டும்போது ஒரு கிளிப் உடைந்தால் மேடு பள்ளத்தில் எல்லாம் கடகடக்கும். தண்ணீர் வந்தால் மட்டும் கீலைத் தொடச் சொல்லுங்கள், அதையும் அதே ஜாப் கார்டு நம்பரைக் காட்டிக் கேளுங்கள்.