பழைய ரோட்டரி எஞ்சின் பாகங்களை என்ன செய்யலாம்?

கேள்வி (அம்பத்தூர்):
பெரியப்பா விட்டுச்சென்ற மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரின் 13பி எஞ்சின், பிரித்த நிலையில் மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது. பிஸ்டனுக்குப் பதிலாகச் சுழலும் இரண்டு முக்கோண ரோட்டர்கள், அவை சுழலும் கூடுகளான ஹவுசிங்குகள், ஷாஃப்ட், ஒரு டப்பா நிறைய சீல்கள் இருக்கின்றன. வீட்டை இடித்துக் கட்டவிருப்பதால், இவற்றைப் புதுப்பேட்டையில் எடைக்குப் போட்டுவிடலாமா?

மறுமொழி (பெரம்பூர்):
அவசரப்படாதீர்கள். எடைக்குப் போட்டால் அலுமினியத்துக்கும் வார்ப்பிரும்புக்கும் உரிய காசுதான் கிடைக்கும். ரோட்டர் ஹவுசிங்கின் உட்புறத்தை வெளிச்சத்தில் சாய்த்து, ஸ்பார்க் பிளக் துளைகளைச் சுற்றியும் ஓரங்களிலும் குரோம் பூச்சு உரிந்திருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண சிலிண்டரைப் போல் உட்புறத்தைக் கடைந்து அகலப்படுத்தி, பெரிய பிஸ்டன் போட்டுச் சமாளிக்க இதில் வழியில்லை என்பதால், பூச்சின் நிலைதான் விலையைத் தீர்மானிக்கும்.

கேட்டவர்:
பார்த்தேன், ஐயா. ஒன்று பளபளவென்று இருக்கிறது. மற்றொன்றில் பிளக் துளைக்கு அருகே நகம் தட்டுப்படும் அளவுக்கு உரிந்துள்ளது.

மறுமொழி (குரோம்பேட்டை):
நல்ல ஹவுசிங்கையும், பற்கள் தேயாத ரோட்டர்களையும், ஷாஃப்டையும் பழைய கார் ஆர்வலர்களிடம் படத்துடன் விலை கேளுங்கள். உரிந்ததை, ஆட்டோமொபைல் துறை உள்ள ஏதேனும் பொறியியல் கல்லூரிக்குக் கொடுக்கலாம். ரோட்டர் ஒரு சுற்று சுற்றுவதற்குள் ஷாஃப்ட் மூன்று சுற்று சுற்றுவதைக் கரும்பலகையில் விளக்குவது பெரும்பாடு; பாகத்தையே காட்டினால் மாணவர்களுக்கு எளிதில் புரியும். தேய்ந்த ஏபெக்ஸ் சீல்களை (ரோட்டரின் மூன்று முனைகளிலும் பொருந்தும் சீல்கள்) யாருக்கும் விற்காதீர்கள். வார்ப்பிரும்புப் பக்கத் தகடுகளில் இன்றே எண்ணெய் தடவி பிளாஸ்டிக் தாளில் சுற்றிவையுங்கள். நம் ஊர் உப்புக்காற்று விலை படியும்வரை காத்திருக்காது.