திருகோணமலை நகரை ஒரே படத்தில் அடக்க எங்கே நிற்க வேண்டும்?

மட்டக்களப்பான்:
அடுத்த கிழமை இரண்டு நாள் திருகோணமலையில் நிற்பேன். கடலும் ஊரும் சேர்ந்து தெரியும் இடம் வேண்டும். கோணேசர் மலை தவிர வேறு எங்கே? ட்ரோன் இல்லை.

கடற்காகம்:
தம்பி, மலையைத் தவிர்க்காதீர்கள், நேரத்தை மாற்றுங்கள். எல்லோரும் பின்னேரம் ஏறுவார்கள். அப்போது ஊர்ப்பக்கம் வெயில் நேரே கண்ணில் குத்தும். விடிய ஏறித் திரும்பிப் பாருங்கள், வெளிச்சம் உங்கள் முதுகுப்பக்கத்தில் இருக்கும். கரையின் வளைவு, ஓட்டுக் கூரைகள் எல்லாம் துலக்கமாக வரும்.

பின்னேரத்துக்கு டச்சுக் குடா. அங்கிருந்து மலையையே எடுங்கள். மேற்கு வெயிலில் பாறை செம்மஞ்சளாகும். கச்சான் வாங்கிக்கொண்டு காத்திருங்கள்.

மலைக்குப் போகும் வழியிலுள்ள பிரெட்றிக் கோட்டைக்குள் இராணுவ முகாம் உண்டு, அந்தப் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள். மான்களும் கவனம்! போன வருடம் லென்ஸ் துடைக்கும் துணியை ஒன்று இழுத்து மென்றுவிட்டது. மிச்ச நாள் உடுத்திருந்த சாரத்தால்தான் துடைத்தேன், உப்புப் பூச்சு போகவே இல்லை.

நிலாக்கரை:
நகருக்கு வடக்கே உப்புவெளிக் கடற்கரையிலும் நில்லுங்கள். விடியற்காலை சூரியன் மலைக்கு இடப்பக்கம் கடலில் எழும்.

மட்டக்களப்பான்:
நன்றி அண்ணை. விடிய மலை, பின்னேரம் டச்சுக் குடா. உப்புவெளி மறுநாள். துணி இரண்டாகக் கொண்டுவருகிறேன்.

கடற்காகம்:
ஒன்றை மானுக்குக் கொடுங்கள்.